ஆய்வு உதவியாளராக இருந்த அனுபவம் இங்கிலாந்தில் செல்லுமா?

அன்புள்ள தங்கைக்கு,

சென்னையில் காசநோய் ஆய்வொன்றில் உதவியாளராக இருந்துவிட்டு இங்கிலாந்து வந்து, இப்போது வார்டில் பேண்ட் 5 (இங்கத்திய அரசு மருத்துவமனைகளின் சம்பளப் படிநிலை) நர்ஸாக இருக்கிறீர்கள். அந்த ஆய்வு வேலையை விண்ணப்பத்தில் எழுதுவதா, ஏஜென்ட் சொன்னபடி நீக்கிவிடுவதா என்று கேட்டிருந்தீர்கள். நீக்காதீர்கள். ஏஜென்ட்டுக்கு வார்டில் ஆள் நிரம்பினால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் எங்கே போவீர்கள் என்பது அவர் கவலையல்ல.

இங்கத்திய அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் மருத்துவமனைகளில் ஆய்வு நர்ஸ் என்று தனிப் பதவியே உண்டு, பெரும்பாலும் பேண்ட் 6. நேர்காணலில் ‘ஆய்வில் வேலை செய்தேன்’ என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். கையால் செய்ததைச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் நோயாளி தேதியைத் தவறாக எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்? வெள்ளை மை பூசக் கூடாது. பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான தேதியை அவரே எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். எடுத்த ரத்தத்தைக் குறித்த நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்த நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆய்வில் இருக்கும் நோயாளிக்குக் கடுமையான பாதகம் ஏதும் நேர்ந்தால், தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்துபவர்களுக்குத் தகவல் போக வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு அங்கேயே பழகிய வேலைதானே? வார்டிலிருந்து நேராக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. ஜிசிபி (மருத்துவ ஆய்வுகளை முறையாக நடத்துவதற்கான விதிகள்) சான்றிதழ் பழையதாகியிருந்தால் புதுப்பித்துவிடுங்கள். என்எச்எஸ் ஊழியர்களுக்கு அந்த இணையப் பயிற்சி இலவசம்.

சென்னை என்று சொல்லவும் கூச்சப்படாதீர்கள். 1956-இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகமும் சேர்ந்துதான் அங்கே காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கினால் கிடைக்கும் பலன் கிடைக்கும் என்று உலகுக்குக் காட்டியது அந்த மையம்தான்.

வார்டிலும் இந்த அனுபவத்துக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. கொரோனாவுக்கான மருந்துகளைச் சோதிக்க 2020 மார்ச்சில் இங்கே தொடங்கிய ரெகவரி ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஜூனிலேயே சொல்லிவிட்டது. ஓட்டமும் நடையுமாக இருந்த வார்டுகளிலேயே நோயாளிகளைச் சேர்த்ததால் வந்த முடிவு அது.

இனிப் பணக் கணக்கு. ஆய்வு வேலை பெரும்பாலும் பகல் நேரம், வார நாட்கள். குழந்தை வைத்திருப்பவர்களுக்கு வரம்தான். ஆனால் பேண்ட் 5 நர்ஸுக்கு இரவுக்கும் சனிக்கிழமைக்கும் கூடுதலாகக் கிடைக்கும் 30 சதவீதமும், ஞாயிறுக்குக் கிடைக்கும் 60 சதவீதமும் நின்றுபோகும். ஊருக்குப் பணம் அனுப்புபவர் என்றால், பேண்ட் 6 சம்பளம் அதை ஈடுகட்டுகிறதா என்று முதலில் தாளில் போட்டுப் பாருங்கள். பல பணியிடங்கள் ஆய்வுக்கான நிதி இருக்கும்வரைதான். விசா ஸ்பான்சர்ஷிப்பில் இருக்கும் உங்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

இன்னொன்று, இங்கே ‘ஆய்வு உதவியாளர்’ என்ற பதவிக்கே விண்ணப்பித்துவிடாதீர்கள். அதற்கு நர்ஸ் பதிவு தேவையில்லை. பெரும்பாலும் பேண்ட் 3, 4 என்பதால் இறங்கிப் போவதாகிவிடும், விசாவிலும் சிக்கல் வரலாம்.

என்னைக் கேட்டால், ஒன்றிரண்டு வருடம் வார்டில் இருங்கள். இங்கத்திய மருந்துச் சீட்டு முறையும் நோயாளிகளின் பேச்சும் பிடிபடட்டும். அதற்குள் உங்கள் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஒருநாள் உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், அவர்களுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது.