ஊசி வேண்டாம், நிரந்தர மை வேண்டாம். தாவரச் சாயத்தில் டாட்டூ போட்டால் அசல் மாதிரி இருக்குமா?

கேட்டிருப்பது மூன்று விஷயம்: செடியிலிருந்து எடுத்த சாயத்தில் போடும் டாட்டூ அசல் டாட்டூ போலத் தெரியுமா, எத்தனை நாள் நிற்கும், வீட்டிலேயே போட்டுக்கொள்ள முடியுமா?

தெரியும், ஒன்று முதல் இரண்டு வாரம் நிற்கும், வீட்டிலேயே போடலாம். கறுப்பு வேண்டுமென்றால் ஜாகுவா என்ற காயின் சாயம், செம்பழுப்பு போதுமென்றால் மருதாணி. நம்பிப் போடக்கூடியவை இந்த இரண்டுதான். மஞ்சள் இரண்டு மூன்று நாளில் வெளிறிவிடும். அனாட்டோ விதையின் சிவப்பு ஒரு குளியலுக்குத் தாங்காது. இயற்கையானதுதானே என்று சேங்கொட்டைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்; துணியில் அழியாத குறி போட உதவிய அந்தச் சாறு தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கிவிடும். கடையில் விற்கும் ஸ்டிக்கர் டாட்டூ, தோல்மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதில் செடிக்கு வேலையே இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தவிரும். நிரந்தர டாட்டூவில் ஊசி, மையைத் தோலின் உள்ளடுக்கில் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இறக்குகிறது. அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்வதால்தான் ஆயுசுக்கும் இருக்கிறது. தாவரச் சாயம் அவ்வளவு தூரம் போவதில்லை. தோலின் மேலே உள்ள இறந்த செல் அடுக்கில் மட்டுமே பிடிக்கும். அந்த அடுக்கு தினமும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது, அதோடு சாயமும் போகிறது. ஆக, டாட்டூவின் ஆயுளைத் தீர்மானிப்பது உங்கள் தோல்தான். ‘ஆறு மாதம் நிற்கும் ஹெர்பல் டாட்டூ’ என்று யாராவது சொன்னால், ஒன்று அது பொய், இல்லையென்றால் ஊசி போடப்போகிறார்கள். மருதாணியையோ ஜாகுவாவையோ ஊசியில் ஏற்றித் தோலுக்குள் செலுத்தக் கூடாது. அவை கிருமி நீக்கம் செய்யப்பட்டவை அல்ல, உள்ளே போவதற்காகத் தயாரிக்கப்பட்டவையும் அல்ல.

ஜாகுவா என்பது ஜெனிப்பா அமெரிக்கானா மரத்தின் காய். மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளில் வளர்கிறது. பனாமா, கொலம்பியா பகுதிகளில் வாழும் எம்பேரா மக்கள் நெடுங்காலமாக இதைக் கொண்டு உடலில் கோலமிடுகிறார்கள். காய் முற்றாமல் இருக்கும்போதுதான் சாயச்சத்து அதிகம், பழுத்துவிட்டால் குறைந்துவிடும். அந்தச் சத்தின் பெயர் ஜெனிப்பின். அதற்கென்று தனியாக நிறமே கிடையாது. தோலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனும் கிடைத்தால்தான் கருநீலமாக மாறும். அந்த மாற்றத்துக்கு 24 முதல் 48 மணி நேரம் ஆகும். ஜெல்லைக் கழுவிய உடனே பார்த்தால், பென்சிலில் லேசாகக் கிறுக்கி அழித்தது போல ஒரு சாம்பல் கோடுதான் தெரியும். சில சமயம் அதுகூடத் தெரியாது. வீணாகிவிட்டது என்று நினைத்து அதன்மேல் மறுபடி வரைபவர்கள் நிறைய. மறுநாள் இரண்டு கோடும் சேர்ந்து தடித்து எழுந்துவரும்.

இந்தத் தாமதம்தான் உங்களுக்குப் பாதுகாப்பும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கிற ‘பிளாக் மெஹந்தி’ எந்தச் செடியிலிருந்தும் வருவதில்லை. அதில் இருப்பது பெரும்பாலும் பாரா ஃபினைலின் டைஅமீன், சுருக்கமாகப் பிபிடி. ஹேர் டையில் போடும் ரசாயனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைமுடிச் சாயத்திலேயே அதற்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு, அதுவும் முடிக்கு மட்டும், தோலுக்கு இல்லை. டாட்டூவுக்கு என்று கலக்கும்போது அந்த அளவையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. முதல்முறை போடுபவருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து, ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்கு ஓரிரு நாளிலேயே, வரைந்த டிசைனின் அதே வடிவத்தில் தோல் தடித்து, அரித்து, நீர்க்கொப்புளம் எழும்பும். ஆறிய பிறகும் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ மாதக்கணக்கில் நிற்கலாம், தழும்பும் ஆகலாம். அதைவிடப் பெரிய சங்கடம், அந்த ஒவ்வாமை ஆயுசுக்கும் தொடரும் என்பது. பத்து வருடம் கழித்து முதல் நரைக்கு டை அடிக்கும்போது முகம் வீங்கலாம். சில துணிச்சாயங்களும், பென்சோகெயின் கலந்த மரத்துப்போகும் மருந்துகளும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2006-இல் ‘இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று பிபிடியைத்தான் அறிவித்தது.

ஆகவே வாங்கும் முன் இரண்டு கேள்வி போதும். என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கிறதா? எத்தனை மணி நேரத்தில் கறுக்கும்? ‘உடனே’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பிளாக் மெஹந்தியைத் தோலில் ஒரு புள்ளி வைத்துச் சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம், அந்தப் புள்ளியே ஒவ்வாமையை ஆரம்பித்து வைக்கலாம்.

இனி ஜாகுவா போடும் முறை. பச்சைக் காயிலிருந்து நீங்களே சாறு எடுக்கத் தேவையில்லை. ஜெல்லாகவோ உலர்ந்த பொடியாகவோ கிடைக்கிறது. நீர்த்த சாறாகக் கிடைத்தால் சாந்தன் கம் சேர்த்துக் கெட்டியாக்க வேண்டும். 100 மில்லிக்கு 1 கிராமில் தொடங்கி, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பார்த்து, போதாவிட்டால் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டுங்கள். கம்மை நேரே சாற்றில் தட்டினால் மீன்முட்டை போலக் கட்டி கட்டியாக நின்றுவிடும். நாலு சொட்டு கிளிசரினில் குழைத்த பிறகு சாற்றில் விடுங்கள். பதம் சரியா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டில் கோடு போட்டு நிமிர்த்திப் பிடியுங்கள். கோடு வழியாமல் நூல் போல நிற்க வேண்டும். வழிந்தால் தோலிலும் பரவும். கையுறை கட்டாயம். கையுறை போடாதவர் விரல்நுனி ஒரு வாரம் நீலமாகவே இருக்கும், நகம் வளர்ந்து வெட்டுகிற வரை நகத்திலும் இருக்கும்.

முடி மழிப்பதாக இருந்தால் முதல்நாளே மழியுங்கள். அன்றே மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் ஜெல் எரியும். போடுகிற அன்று சொரசொரப்பான நாரால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காய்ந்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அதன்பின் லோஷன், எண்ணெய், சன்ஸ்கிரீன் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. டாட்டூ திட்டுத்திட்டாகப் பிடித்திருந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் இந்த எண்ணெய்ப் பசைதான்.

0.5 அல்லது 0.7 மில்லிமீட்டர் உலோக முனை கொண்ட சிறு பாட்டில் வசதி. முனையால் தோலைக் கீறிக்கொண்டே போகாதீர்கள். முனையைச் சற்றே தூக்கிப் பிடித்து, ஜெல்லைக் கயிறு போல இறக்கி, கிடத்திக்கொண்டே போங்கள். கோடு தோலிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயரமாவது எழும்பி நிற்க வேண்டும். தேய்த்துவிட்ட மாதிரி மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த ஜெல் சாயம் கொடுக்காது. கை தவறிய இடத்தை உடனே ஸ்பிரிட்டில் நனைத்த காதுக்குச்சியால் ஒற்றி எடுங்கள். இரண்டு நிமிடம் யோசித்தால் அது டிசைனின் பகுதியாகிவிடும்.

சாம்பல் நிழல் வேண்டுமா? சாயத்தைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யாமல், நேரத்தைக் குறையுங்கள். நிழல் விழ வேண்டிய பகுதியை மட்டும் கடைசியாக வரைந்து, 20 நிமிடத்தில் ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டால் அது வெளிர் சாம்பலாக நிற்கும். ஓரக்கோடுகள் முழு நேரம் இருக்கட்டும்.

ஜெல் தோலில் 2 முதல் 3 மணி நேரம் இருந்தால் போதும். கை மடக்காமல், ஆடை உரசாமல், வியர்க்காமல் இருக்க வேண்டும். தூங்கும்போது வேண்டவே வேண்டாம். கையில் போட்ட பூ காலையில் கன்னத்திலும் இருக்கும். எடுக்கும்போது காய்ந்ததை முதலில் உரித்துவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுச் சட்டென்று கழுவுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகத் தேய்த்தால், கரைந்த சாயம் பக்கத்துத் தோலில் படிந்து மறுநாள் டிசைனைச் சுற்றி நீல மேகம் போல எழும். அன்று தெரியாது, மறுநாள்தான் தெரியும் என்பதால் அப்போது செய்வதற்கும் ஒன்றும் இருக்காது. கழுவிய பிறகு 12 மணி நேரம் உடற்பயிற்சி, வெந்நீர்க் குளியல் தவிருங்கள்.

மேல்கை, முன்கை, கெண்டைக்கால், முதுகு ஆகிய இடங்களில் 8 முதல் 14 நாள் எதிர்பார்க்கலாம். மணிக்கட்டிலும் விரலிலும் அதில் பாதிகூட வராது. குளிக்கும் முன் சிறிது எண்ணெய் தடவினால் ஒன்றிரண்டு நாள் கூடும். நீச்சல்குளத்துக் குளோரினும், ரெட்டினால், சாலிசிலிக் அமிலம், கிளைகோலிக் அமிலம் உள்ள கிரீம்களும் தோல் உதிர்வதை முடுக்கிவிடும். டாட்டூவும் அதே வேகத்தில் போகும்.

ஜாகுவாவும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றில்லை. தோல் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஜெனிப்பின் புரதத்தோடு ஒட்டுகிற பொருள். சாயம் பிடிக்க வைக்கும் அதே குணம்தான் சிலருக்கு ஒவ்வாமையையும் தூண்டும். முழங்கையின் உட்புறத்தில் சிறு புள்ளி வைத்து 48 மணி நேரம் பாருங்கள். முதல்முறையில் ஒன்றும் ஆகாமல், இரண்டாவது மூன்றாவது முறை அரிப்பு வருவதும் உண்டு. வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

மருதாணியில் வேலை செய்வது லாசோன் என்ற சாயச்சத்து. இலையில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் இருக்கும். ஜாகுவாவுக்கு நேர்மாறாக, இதற்குத் தடித்த தோல் வேண்டும்: உள்ளங்கையில் நன்றாகச் சிவப்பது மேல்கையில் வெறும் ஆரஞ்சாக நிற்கும். அசல் டாட்டூ போலத் தோள்பட்டையில் போட நினைப்பவர்கள் மருதாணியைக் குறை சொல்வது இதனால்தான். சாயம் நல்லதுதான், இடம்தான் தப்பு.

20 கிராம் நைசாகச் சலித்த பொடிக்கு 5 கிராம் சர்க்கரை, 5 மில்லி லாவெண்டர் அல்லது டீ ட்ரீ எண்ணெய், 50 முதல் 60 மில்லி எலுமிச்சைச் சாறு. சாற்றை ஒரேயடியாக ஊற்றாமல் முக்கால் பங்கில் நிறுத்தி, ஊறிய பிறகு மீதியை விட்டுப் பதம் பாருங்கள். சர்க்கரை, பசை காய்ந்து உதிராமல் பிடித்து வைக்கும். புளிப்பு, லாசோனைச் சீராக வெளிவிடும். எலுமிச்சை தோலுக்கு எரிச்சல் என்றால் வெறும் தண்ணீரே போதும், ஆனால் கலவை சீக்கிரம் வலுவிழக்கும். கலவை அறை வெப்பத்தில் 8 முதல் 12 மணி நேரம் ஊறட்டும், கடும் வெயில் காலத்தில் அதில் பாதி போதும். மேற்பரப்பு பழுப்பாகி உள்ளே பச்சையாக இருந்தால் தயார். சந்தேகமென்றால் உள்ளங்கையில் ஒரு புள்ளி வைத்து ஐந்து நிமிடத்தில் துடைத்துப் பாருங்கள், பளிச்சென்ற ஆரஞ்சு தெரிய வேண்டும். தோலில் 6 முதல் 8 மணி நேரம் இருக்கட்டும். உதிர்த்த பிறகு 12 மணி நேரம் தண்ணீர் படாமல் இருந்தால் ஆரஞ்சு இரண்டு நாளில் செம்பழுப்பாக ஆழும். மிச்சத்தைக் கோனோடு ஃப்ரீசரில் வைக்கலாம். வெளியே அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் கோன் என்றால் உள்ளே மருதாணியைத் தவிர வேறு என்னவோ இருக்கிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஜி6பிடி என்ற, சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சுத்தமான மருதாணியும் ஆகாது. சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு.

நிரந்தர டாட்டூவுக்கு முன் ஒத்திகை பார்க்க ஜாகுவாவைவிடப் பொருத்தமானது கிடையாது என்பது என் கருத்து. அளவும் இடமும் சரியா, அலுவலக உடையில் எவ்வளவு எட்டிப்பார்க்கிறது, பத்து நாள் கண்ணில் பட்டால் சலிக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். மயிரிழைக் கோடுகளை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள்; 0.5 மில்லிமீட்டர் முனையில் போட்ட கோடும் தோலில் சற்று விரியும். பொடி எழுத்துகளை நெருக்கி எழுதினால் ‘அ’வின் சுழி அடைந்து வெறும் புள்ளியாகிவிடும். எழுத்து உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் முடியும் முன்பே அழிக்க வேண்டுமென்றால், உடனே அழிக்கும் மருந்து கிடையாது. பிளீச், பற்பசை எல்லாம் தோலைத்தான் புண்ணாக்கும். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, எண்ணெயும் சர்க்கரையும் கலந்து தேய்த்து, மறுநாள் இன்னொரு முறை. மூன்று நாலு நாளில் கண்ணை உறுத்தாத அளவுக்கு மங்கிவிடும். மங்கும்போது ஒரே சீராகப் போகாது, பாம்புச்சட்டை மாதிரி திட்டுத்திட்டாக உதிரும். அந்தக் கடைசி இரண்டு நாளுக்கு முழுக்கைச் சட்டை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.