ரிமோட் வீச்சைக் கூட்டுவதும் குறைப்பதும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கையடக்கமான யுனிவர்சல் ரிமோட் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். எட்டும் தூரத்தைத் திருகி மாற்றலாம் என்று இன்ஃப்ராரெட் எல்இடிக்குத் தொடராக 1 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) போட்டேன். ஒரு மூலைக்குத் திருகியதும் புகைந்துவிட்டது. இன்னும் பெரிய வாட்டில் வாங்கிப் போடலாமா சார்? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

வேண்டாம் தம்பி, இடமே தப்பு. பிரீசெட்டின் கால் வாட் என்பது அதன் முழுக் கார்பன் பாதைக்கும் சேர்த்துச் சொல்வது. கணக்குப் போட்டால் 1 கிலோ ஓம், கால் வாட் பிரீசெட்டில் எந்தத் துண்டு வழியாகவும் சுமார் 16 மில்லி ஆம்பியருக்கு மேல் விடக்கூடாது. மூலைக்குத் திருகும்போது நூறு மில்லி ஆம்பியர், அதற்கு மேலும்கூட, அந்தக் கடைசித் துண்டு வழியாகத்தான் போகிறது, புகையாமல் என்ன செய்யும்? அது தாங்கினாலும் பேட்டரி இறங்க இறங்க தூரமும் தன்னால் குறையும்.

இப்படிச் செய்து பாருங்கள். பிசி337 டிரான்சிஸ்டர் ஒன்று (பிசி547 வேண்டாம், அதன் உச்ச வரம்பே 100 மில்லி ஆம்பியர்). பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 1என்4148 டயோடு இரண்டு, தொடராக. மைக்ரோகன்ட்ரோலரின் (நிரல் ஓடும் சிப்) வெளியீட்டுக் காலிலிருந்து 470 ஓம் வழியாக பேஸுக்கு. எல்இடி கலெக்டர் பக்கம், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து. டயோடுகள் பேஸை 1.4 வோல்ட்டில் பிடித்துவைக்கும், எமிட்டரில் 0.7 வோல்ட் நிற்கும். எமிட்டர் ரெசிஸ்டர் 6.8 ஓம் என்றால் எல்இடியில் ஏறக்குறைய 100 மில்லி ஆம்பியர், 33 ஓம் என்றால் 20. சின்ன ஸ்லைடு சுவிட்ச் போட்டு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு ஏஏஏ பேட்டரி 2.3 வோல்ட்டுக்கு இறங்கும்வரை மின்னோட்டம் பெரிதாக மாறாது. சிபாரிசு என்று கேட்டால் இரண்டு படி போதும், பத்து படி வைத்தால் எந்த எண்ணில் வைத்தோம் என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

இதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது, ஒரு ரெசிஸ்டரைக்கூடத் தொட வேண்டாம். 38 கிலோ ஹெர்ட்ஸ் துடிப்பு ஒவ்வொன்றிலும் எல்இடி எரியும் நேரத்தின் பங்கை நிரலிலேயே மாற்றுவது. ரிசீவர் அந்த 38 கிலோ ஹெர்ட்ஸ் கூறை மட்டும்தான் வடிகட்டி எடுக்கிறது. வழக்கமான மூன்றில் ஒரு பங்கைப் பத்தில் ஒரு பங்காக்கினால் அந்தக் கூறு பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கும், தூரம் சுமார் 60 சதவீதமாகும், பேட்டரிச் செலவும் குறையும். எதிர்ப்பக்கம் போய்ப் பாதிப் பாதி என்று வைத்தால் செலவு ஒன்றரை மடங்கு, சிக்னல் கூடுவதோ 15 சதவீதம். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு என்பது ரிமோட் உலகில் வழக்கமாகிவிட்டது.

பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. எல்இடி பக்கத்தில் 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 26 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை வரும் குத்துகளை அது தாங்கும். ஆனால் என்இசி முறையில் (பல ரிமோட்கள் கட்டளை அனுப்பும் முறை) முதல் துடிப்பு 9 மில்லி விநாடி நீளம், அந்த நேரத்துக்கான சராசரி மின்னோட்டம் பேட்டரியிலிருந்துதான் வந்தாக வேண்டும். சிஆர்2032 நாணய பேட்டரியில் 100 மில்லி ஆம்பியர் ரிமோட் செய்ய நினைப்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதன் உள் மின்தடை இதற்கு ரொம்ப அதிகம்.

கேள்வி: அலுவலக ஹாலில் ஒரே கம்பெனி ஏசி நான்கு. ஒன்றை அணைத்தால் பக்கத்தில் உள்ளதும் அணைகிறது. ரிமோட்டின் பவரைப் பாதியாக்கினால் தீருமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பாதியாக்கினால் தூரம் 70 சதவீதம் ஆகும், அவ்வளவுதான். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 10 மீட்டர் எட்டுவதை 2 மீட்டராக்க பவரை 25-ல் ஒரு பங்காக்க வேண்டும். ரிசீவரோ அவ்வளவு கூர்மையானது, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் கொஞ்சநஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளும்.

அதனால் முதலில் கோணத்தைப் பாருங்கள், பவரை அப்புறம். எல்இடி வாங்கும்போதே இது கையில் இருக்கிறது: டிஎஸ்ஏஎல்6400-க்கு அரைக்கோணம் (நேர்முனையிலிருந்து ஒளி பாதியாகும் கோணம்) 25 பாகை, டிஎஸ்ஏஎல்6200-க்கு 17, டிஎஸ்ஏஎல்6100-க்கு 10. இருக்கிற ரிமோட்டைத் திறக்க மனமில்லை என்றால் முன்முனையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளக் குழாய் ஒன்றைச் செருகினாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் கறுப்பு பிளாஸ்டிக் குழாயை நம்பாதீர்கள். ரிமோட்டின் முன்னால் இருக்கும் கருஞ்சிவப்பு ஜன்னல் நம் கண்ணுக்கு இருட்டு, இன்ஃப்ராரெட்டுக்கோ ஊடுருவிப் போகும் தெளிந்த கண்ணாடி. கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் பலவும் அப்படித்தான், பக்கவாட்டில் ஒழுகவிடும். பித்தளைக் குழாய் போடுங்கள், இல்லாவிட்டால் அட்டைக் குழாயைச் சுற்றி அலுமினியத் தாள்.

ஏசி ரிமோட்டில் இன்னொரு தலைவலி உண்டு. டிவி ரிமோட் போல அது ஒற்றைக் கட்டளை அனுப்புவதில்லை. பெரும்பாலும் வெப்பநிலை, மோடு, ஃபேன் வேகம் எல்லாவற்றையும் ஒவ்வொரு அழுத்தலிலும் மொத்தமாக அனுப்புகிறது. 27-ல் இருக்கும் பக்கத்து ஏசி உங்கள் 22-ஐ அப்படியே எடுத்துக்கொள்வது அதனால்தான். நான்கிற்கும் ஒரே ரிமோட்தான் என்றால், வேண்டாத ஏசிகளின் சென்சார் மேல் ஒரு துண்டு அலுமினிய டேப் ஒட்டிவிடுவது எந்த மின்னணு வேலையையும்விட மலிவு. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை நடக்கும்.

கேள்வி: இன்ஃப்ராரெட் எல்இடியின் அலைநீளம் 850 நானோமீட்டரா, 940-ஆ?

ரிமோட்டுக்கு 940. டிஎஸ்ஓபி வகை ரிசீவர்களின் உணர்திறன் உச்சம் அதை ஒட்டியே இருக்கிறது. சூரிய ஒளியின் அந்தப் பகுதியைக் காற்றின் நீராவி ஓரளவு விழுங்கிவிடுவதால் பகலில் இரைச்சலும் குறைவு. 850 என்பது கேமராக்களுக்கு, இருட்டில் லேசாகச் சிவப்பாகவும் தெரியும். எரிகிறதா என்று பார்க்க போனின் முன் கேமராவைப் பயன்படுத்துங்கள், பின் கேமராவில் வடிகட்டி வலுவாக இருப்பதால் பல போன்களில் தெரியாது.

கேள்வி: பவரைக் கூட்டினால் கண்ணுக்கு ஆபத்தா?

சாதாரண ரிமோட் அளவில் பயப்பட ஒன்றுமில்லை, விட்டு விட்டு எரிவதால் சராசரி மிகக் குறைவு. ஆனால் இந்த அலைநீளம் விழித்திரைவரை போகும், கண்ணுக்குத் தெரியாததால் இமையும் தானாக மூடாது. ஏழெட்டு எல்இடியைக் குறுகிய லென்ஸோடு அடுக்கி, முகத்துக்கு நேரே வைத்துச் சோதிப்பதெல்லாம் கூடாது. ஒளி பாதுகாப்புக்கு ஐஇசி 62471 என்ற தர நிர்ணயம் இருக்கிறது, விற்பனைக்குப் பொருள் செய்பவர்கள் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

கண்ணைவிட எல்இடிக்குத்தான் ஆபத்து அதிகம். நிரல் நடுவில் தொங்கி, மைக்ரோகன்ட்ரோலரின் வெளியீட்டுக் கால் ஹையிலேயே நின்றுவிட்டால், துடிப்புக்கென்று 200 மில்லி ஆம்பியர் கொடுத்தது தொடர்ச்சியாகப் போகும், மேலே சொன்ன எல்இடிகள் தொடர்ச்சியாகத் தாங்குவது 100 மட்டுமே. வாட்ச்டாக் டைமரை (நிரல் தொங்கினால் சிப்பைத் தானாக ரீசெட் செய்வது) ஆன் செய்து வையுங்கள், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓமும் போடுங்கள், ரீசெட் ஆகும் நேரத்திலும் டிரான்சிஸ்டர் மூடியே இருக்கும்.