கனடாவுல தங்க வேட்டை காலத்துப் பண்ணை ஹேட் கிரீக், குழந்தைகளோட போனா வொர்த்தா?

வொர்த் தான், ஆனா தங்கம் அரிக்கிற இடம்னு மட்டும் நினைச்சுட்டுப் போனா ஏமாந்துடுவீங்க. அங்க தட்டுல மண்ணைப் போட்டு அலசி விளையாட ஒரு இடம் இருக்கு, பசங்களுக்கு ஜாலியா இருக்கும், அவ்ளோதான். நிஜ தங்கம் கிடைச்சது அங்கேருந்து 400 கிலோமீட்டர் வடக்க, பார்க்கர்வில் பக்கம். 1862ல பில்லி பார்க்கர்னு ஒருத்தருக்கு அங்க பெரிய புதையலே மாட்டுச்சு, உடனே ஊரே கிளம்பி ஓடுச்சு.

அப்படி ஓடுறவங்க எங்க தூங்குவாங்க, குதிரைக்கு எங்க புல்லு கிடைக்கும்? ஹேட் கிரீக்கோட கதையே அதுதான். டொனால்ட் மெக்லீன்னு ஒரு ஆளு, கம்லூப்ஸ்ங்கிற ஊர்ல ஹட்சன்ஸ் பேங்கிற ரோமத்தோல் கம்பெனியோட வியாபாரத்தைப் பார்த்துட்டு இருந்தவரு, வேலையை விட்டுட்டு 1860கள் தொடக்கத்துல இங்க வந்து பண்ணையும் சத்திரமும் போட்டாரு. என்னைக் கேட்டா மண்ணைத் தோண்டினவங்களை விட இவரு புத்திசாலி, தோண்டினவனுக்குத் தங்கம் கிடைச்சாலும் கிடைக்கலன்னாலும் சாப்பாட்டுக்குக் காசு குடுத்துதானே ஆகணும். ஆனா மனுஷன் ரொம்ப நாள் அனுபவிக்கல, 1864ல சில்கோட்டின் பழங்குடி மக்களோட நடந்த போர்ல சுட்டுக் கொன்னுட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த பழைய ரோடு. தெற்க இருக்கிற யேல்ங்கிற ஊர்ல இருந்து பார்க்கர்வில் வரைக்கும் சுமார் 650 கிலோமீட்டர், 18 அடி அகலத்துல 1862ல ஆரம்பிச்சு போட்ட கரிபூ வண்டிப்பாதை, அதுல ஒரு துண்டு பண்ணைக்குள்ளயே இருக்கு, அது மேலயே நடக்கலாம். ஆளுங்களையும் தபாலையும் ஏத்திட்டுப் போன பிஎக்ஸ் (பர்னார்ட்ஸ் எக்ஸ்பிரஸ்) கம்பெனி குதிரை வண்டிங்க இங்க நின்னு குதிரை மாத்திட்டுப் போகும், அந்த லாயமும் இன்னும் நிக்குது, உள்ள போய் நின்னு பாருங்க. இதுல கூத்து என்னன்னா, இந்தப் பக்கம் சுமை தூக்க 1862ல ஒட்டகம் இறக்கிப் பார்த்திருக்காங்க, அதோட வாடைக்கே கோவேறு கழுதைங்க மிரண்டு ஓடிருக்கு, திட்டம் காலி.

இந்த மண்ணோட பூர்வகுடிகளான ஷுஸ்வாப் மக்களோட பகுதியை மட்டும் ஸ்கிப் பண்ணிடாதீங்க. பாதி தரைக்குள்ள தோண்டி, மேல மண்ணு மூடின குளிர்கால வீடு, கூரையில புகை போற ஓட்டை வழியா ஏணி வச்சு இறங்குவாங்களாம். தங்கம் தேடி வந்த கூட்டத்தோட 1862ல பெரியம்மையும் வந்து எத்தனையோ கிராமங்களைத் துடைச்சுப் போட்டுருச்சு. அந்த வீட்டைப் பார்க்கும்போது அதையும் பசங்ககிட்ட சொல்லுங்க.

வான்கூவர்ல இருந்து நாலு மணி நேர டிரைவ், கேஷ் கிரீக்ங்கிற ஊரைத் தாண்டி 11 கிலோமீட்டர். கோடையில மட்டும்தான் திறந்திருக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி தேதி செக் பண்ணிக்கோங்க. கனடான்னு நினைச்சு ஜாக்கெட்டோட போயிடாதீங்க, ஜூலையில வெயில் மண்டையைப் பிளக்கும், நிழல் கம்மி, தொப்பியும் தண்ணியும் எடுத்துக்கோங்க. அப்படியே பார்க்கர்வில்லும் பார்த்துடலாம்னு அதே நாள்ல பிளான் போடாதீங்க, அங்கேருந்து இன்னும் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஓட்டணும்.