சிஸ்டம் ஃபைல் பிழை: லேப்டாப் விண்டோஸுக்குள் போகவில்லை, என்ன செய்வது?

சிஸ்டம் ஃபைல் கெட்டுவிட்டதாகக் காட்டி, லேப்டாப் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். உடனே ஃபார்மட் செய்ய ஓட வேண்டாம்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும், லோகோ தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரெக்கவரி திரை வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் உள்ள ஸ்டார்ட்அப் ரிப்பேரை முதலில் ஓட விடுங்கள்.

சரியாகவில்லையா? அங்கேயே கமாண்ட் ப்ராம்ப்ட் (கமாண்டுகளை டைப் செய்யும் திரை) இருக்கும், அதில் கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களைச் சரிசெய்யும் சிஸ்டம் ஃபைல் செக்கரை (sfc) ஓட்டலாம். பலர் சறுக்குவது இங்கேதான். ரெக்கவரியில் விண்டோஸ் டிரைவ் எப்போதும் சி என்றே இருக்கும் என்று சொல்ல முடியாது. டி என்றும் மாறியிருக்கலாம். சரியான டிரைவ் எழுத்தைக் கண்டுபிடித்து, ஆஃப்லைன் முறையில் (அதாவது விண்டோஸ் ஓடாத நிலையில்) அதைக் குறிப்பிட்டால்தான் பழுது பார்க்கும். அப்புறம் டிஸ்கில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் செக்டிஸ்க்கை (chkdsk) ஓட்டுங்கள்.

ஆனால் ஹார்டு டிஸ்க் டக்டக் என்று சத்தம் போட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஃபைல்களை வெளியே எடுக்கப் பாருங்கள்.