சொல்லும் விலைக்கு எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் 3 பரப்புக் (பரப்பு யாழ்ப்பாணத்துக் காணி அளவு) காணியோடு பழைய வீடு பார்த்திருக்கிறேன், எவ்வளவு கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தரகர் சொன்ன விலையை விட்டுவிட்டுக் காணியிலிருந்து தொடங்குங்கள். அதே ஒழுங்கையில் கடைசியாக ஒரு பரப்பு என்ன விலைக்குப் போனது என்று அயலவரிடமும் உறுதி எழுதும் நொத்தாரிசிடமும் விசாரித்து மூன்றால் பெருக்குங்கள். அதுதான் அடிவிலை. பழைய ஓட்டு வீட்டுக்காக அதற்குமேல் பெரிதாக ஏற்ற வேண்டாம். கூரை மரத்தில் கறையான் இருந்தால் திருத்தச் செலவைக் கழியுங்கள்.

அப்புறம் கிணறு. மாரியில் பல கிணறுகளில் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். ஆவணியில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். உவர்த்தால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம். பங்குக் கிணறு என்றால் உறுதியில் (காணிப் பத்திரத்தில்) கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருக்க வேண்டும். ஒழுங்கைக்குள் லொறி வராவிட்டால் அதையும் சொல்லிக் குறையுங்கள்.

பிரிக்காத பங்குக் காணி என்றால் விலையே பேச வேண்டாம். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு; பிறகு வழக்கு வரலாம்.

முத்திரை வரி ஏறத்தாழ 4 வீதம், நொத்தாரிசு கட்டணம் வேறு. இரண்டும் வாங்குகிறவர் பொறுப்பு. கையிலுள்ள காசில் இவற்றைக் கழித்து வருவதே உங்கள் உச்ச விலை. முதல் பேச்சை அதற்குக் கீழே தொடங்குங்கள்.