மஞ்சள் அங்கியும் எட்டு மரங்களும்

கேள்வி: கொச்சின் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த, 1745-ல் வெர்சாய் அரண்மனையில் நடந்த முகமூடி நடனத்தின் படத்தைப் பார்த்தேன். அதில் பதினைந்தாம் லூயி மன்னர் எங்கே? மரமாக வேஷம் கட்டி வந்தாராமே, ஏன் மரம்?

பதில்: கொச்சின் இல்லை, கொஷான். கேரளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

'மரம் மாதிரி நிற்காதேடா' என்று என்னைப் பெஞ்சு மேல் ஏற்றிய கணக்கு வாத்தியாரிடம் இந்தப் படத்தைக் காட்டியிருக்க வேண்டும். மகன் கல்யாணத்துக்காகப் பிப்ரவரி 25 ராத்திரி கண்ணாடி மண்டபத்தில் மரம் மாதிரி நின்றவருக்குப் புதுக் காதலியே கிடைத்துவிட்டாள். அந்த வருஷமே அவள் பாம்பதூர் சீமாட்டி. தோட்டத்தில் ஜாடி வடிவில் கத்தரித்து வைத்திருப்பார்களே யூ மரம், அதே அச்சில் எட்டுப் பேர். இடுப்புக்கு மேல் ஆளே தெரியாது, இலைதான். அவர்களில் ஒருவர் மன்னர். எவர் என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமானால் மற்ற ஏழு பேர் எதற்கு? ஒரு பெண்மணி தப்பான மரத்திடம் குழைந்து ஏமாந்தாள் என்றும் சொல்வார்கள்.

வெர்சாய் முகமூடி நடனக் கதைகளில் எனக்குப் பிடித்தது பந்திக் கதை. மஞ்சள் அங்கி போட்ட ஒரு முகமூடி வந்து மூச்சுவிடாமல் சாப்பிட்டதாம். போயிற்று. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, முதல் கவளம் போல அதே பசியோடு சாப்பிட்டது. மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. இத்தனையும் ஒரு வயிற்றில் எப்படிக் கொள்ளும் என்று விசாரித்தால், காவலுக்கு நின்ற சுவிஸ் சிப்பாய்கள் ஒரே அங்கியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு முறை வைத்து வந்திருக்கிறார்கள்! இலை போட்டு உட்கார வைத்துப் பரிமாறியிருந்தால் இது நடக்குமா? பஃபே வேண்டாம், வேண்டாம் என்று இந்தப் பக்கத்தில் நான் தொண்டை கிழியக் கத்துவது யார் காதில் விழுகிறது?

மாதம் தவறாமல் 'உண்மை விளம்பி' என்ற பெயரில் என்னைத் திட்டிக் கார்டு போடும் அன்பர் மேலும் எனக்கு இப்போது சந்தேகம். போன மாதம் நீல மை, இந்த மாதம் பச்சை. ஐயா, அங்கிக்குள் மொத்தம் எத்தனை பேர்?

படம் லூவ்ரில் இருக்கிறது. போனால் மரங்களை எண்ணுங்கள். மஞ்சள் அங்கியைத் தேட வேண்டாம், சாப்பிடப் போயிருப்பார்.