மீன் தொட்டியில் எடுக்கும் படத்தில் மீனின் உண்மையான நிறம் வர எந்த லைட் நல்லது?

நேரில் நீலமாக மின்னுகிற நியோன் டெட்ரா போனில் வெளிறிப்போகிறது, சிவப்பு பைட்டர் மீன் செம்மஞ்சளாக வருகிறது, என்ன லைட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க முதல் அறையில் இருக்கிற மற்ற வெளிச்சத்தை எல்லாம் நிறுத்திவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

நான் இருப்பது திருகோணமலையில், ஜன்னல் கடல் பக்கம். இங்கே கிழக்கே கடல் என்பதால் காலை வெயில் நேராக உள்ளே வந்து விழும். அந்த வெயில் ஒரு நிறம், கூரையில் எரிகிற மஞ்சள் பல்ப் 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்), தொட்டி மூடியில் உள்ள எல்ஈடி 6500 அல்லது அதற்கும் மேல், மூன்றும் சேர்ந்து ஒரே மீனில் படும்போது கமரா எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்? ஒன்றைத்தான் திருத்த முடியும், மற்றது மீனின் ஒரு பக்கத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ ஒட்டிக்கொண்டே இருக்கும். ஜன்னலுக்குக் கறுப்புச் சீலை போடுங்கள், கண்ணாடியில் உங்கள் முகமும் தெரியாது.

லைட் விஷயத்தில் பெட்டியில் இரண்டு எண் பாருங்கள். 6500 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு, 100 உச்சம்) 90க்கு மேல். சாதாரண எல்ஈடி பல்புகள் பெரும்பாலும் 80இல் நிற்கும், அவற்றில் குறைவது குறிப்பாக ஆழ்ந்த சிவப்பு, உங்கள் பைட்டர் செம்மஞ்சளாவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். செடி வளர்க்க விற்கிற இளஞ்சிவப்பு-ஊதா லைட்டில் மீன் கண்ணைப் பறிக்கும், கடைக்காரர்களுக்கு அது பிடித்ததும் அதனால்தான், ஆனால் அந்த நிறம் மீனுடையது இல்லை. படம் எடுக்கும்போது வெள்ளையை மட்டும் எரிய விடுங்கள், அதுவும் மேலிருந்து, கொஞ்சம் முன்பக்கமாக.

அப்புறம் வைட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று கமராவுக்குச் சொல்லிக்கொடுப்பது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐஸ்கிரீம் பெட்டியின் வெள்ளை மூடியில் ஒரு துண்டு வெட்டி, மீன் நீந்துகிற இடத்திலேயே தண்ணீருக்குள் பிடித்து ஒரு படம் எடுங்கள். தொட்டிக்கு வெளியே பிடித்துப் பயனில்லை, ஏனென்றால் கண்ணாடியில் ஒரு பச்சைச் சாயல் உண்டு, பைட்டருக்கு வாதுமை இலை போட்டிருந்தால் தண்ணீரும் தேநீர் நிறத்தில் இருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் திருத்த வேண்டும். போன் கமராவில் புரோ மோட் (அளவுகளை நாமே மாற்றும் முறை) இருந்தால் அந்தத் துண்டு வெள்ளையாகத் தெரியும்வரை கெல்வினை நகர்த்திப் பூட்டிவிடுங்கள். ரோவில் (RAW, கமரா திருத்தாமல் சேமிக்கிற படம்) எடுத்தால் இன்னும் நல்லது, பிறகு படம் திருத்துகிற ஆப்பில் வைட் பேலன்ஸ் கருவியால் அந்த வெள்ளையில் ஒரு தட்டு தட்டினால் போதும். சாம்பல் பிவிசி பைப்புத் துண்டை வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு, அதில் லேசான நீலச் சாயல் இருக்கலாம், வேண்டாம்.

படத்தில் குறுக்கே கறுப்புக் கோடு கோடாக வந்தால் அது லைட் துடிப்பது. இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும், ஷட்டர் வேகத்தை 1/100 செக்கனில் வையுங்கள். வேகமாக ஓடுகிற மீன் அந்த வேகத்தில் கொஞ்சம் கலங்கும்தான், அது திரும்புகிற கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். சிவப்பு மீனுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, -0.7க்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் சிவப்பு நிரம்பி வழிந்து, செதில் ஒன்றுமே தெரியாத ஒரு சிவப்புத் திட்டுத்தான் மிஞ்சும்.

இனி மீன். லைட் போட்ட உடனே எடுக்காதீர்கள். இருட்டில் கிடந்த நியோன் டெட்ரா மங்கித்தான் இருக்கும், அரை மணி நேரமாவது விடுங்கள், கோடு தானாகத் தெளியும். அடியில் வெள்ளை மணல் போட்டிருந்தால் பல மீன்கள் அதற்கேற்ப வெளிறிவிடும், கறுப்புக் கல்லுக்கு மாற்றினால் சில நாளில் நிறம் ஏறும். பயந்த மீனும் வெளிறும், ஆகவே வலையால் துரத்தி ஓரத்துக்குக் கொண்டுவருகிற வேலை வேண்டாம்.

நியோனின் நீலத்துக்கு ஒரே ஒரு சரியான நிறம் என்று கிடையாது. அது சாயமில்லை, தோலில் அடுக்கடுக்காக இருக்கிற குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தெரிகிற நிறம். மீன் கொஞ்சம் சரிந்தால் அதே கோடு பச்சைக்குப் போகும், இன்னொரு பக்கம் சரிந்தால் ஊதாவுக்குப் போகும். நீங்கள் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து பார்க்கிற அதே உயரத்தில், கண்ணாடிக்கு நேர் எதிராக போனைப் பிடித்தால்தான் உங்கள் கண் பார்த்த நீலத்துக்குக் கிட்ட வரும். சரிவாகப் பிடித்தால் ஓரங்களில் நிறம் பிரியும். கடலோர வீடென்றால் வெளிக் கண்ணாடியில் உப்புப் படலம் ஏறியிருக்கும், எடுக்க முதல் ஈரத் துணியால் துடையுங்கள்.

சிவப்பு ஃபில்டர் போடச் சொல்கிறவர்கள் கடலையும் தொட்டியையும் குழப்புகிறார்கள். இங்கே திருகோணமலைக் கடலில் புறாத்தீவுப் பக்கம் சில மீட்டர் ஆழத்தில் முக்குளிக்கிறவருக்கு அது உதவும், அங்கே தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். இரண்டு அடித் தொட்டியில் அப்படி விழுங்குகிற அளவுக்குத் தண்ணீரே இல்லை. அந்தக் காசுக்கு நல்ல பல்ப் ஒன்று வாங்குங்கள்.